பாலிஷும் பஞ்சும்

போன மாதம் மகனுடைய கார் பட்டறையிலிருந்து வந்தது. கருநீல நிறம். மாலையில் பார்த்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. மறுநாள் காலை பத்து மணி வெயிலில் பார்த்தால் பானட் முழுக்க வட்ட வட்டமாகக் கோடுகள், கோலப்பொடியைத் துடைப்பத்தால் இழுத்துவிட்டது போல. பானட்டின் மடிப்பு ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் பெயிண்டே போய், அடியில் சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்தது.

மகனோடு நானும் போனேன். மெஷின் போட்ட பையனுக்கு இருபது வயது இருக்கும். முதலாளி அவனை முன்னால் நிறுத்தி, "இவன் சம்பளத்துல பிடிச்சிக்கிறேன் சார், பானட்டைப் புதுசா அடிச்சித் தந்திடறேன்" என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. அவன் கையில் இருந்த மெஷினில் கம்பளி ரோமப் பேட் ஒன்று மாட்டியிருந்தது. நான் அலமாரியைப் பார்த்தேன். பாலிஷ் டப்பாக்கள் நாலு விதம் இருந்தன. பேட் அந்த ஒன்றுதான்.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது என் பழைய ஃபியட். எண்பதுகளில் அலுவலகத்தில் வாகனக் கடன் போட்டு, பழைய பிரீமியர் பத்மினி ஒன்று வாங்கினேன். முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு பெயிண்டர் அண்ணன் அதற்கு டிங்கரிங் முடித்து, பட்டி பார்த்து, என்.சி. பெயிண்ட் அடித்தார். அடித்து முடித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுண்ணாம்புச் சுவர் மாதிரி மங்கலாக இருந்தது. "இருங்க சார், இனிமேதான் வேலை" என்றார். வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார். பிறகு முரட்டுக் காடாத் துணியில் காம்பவுண்ட். பிறகு நல்ல மென் பாலிஷ், அதற்கு மட்டும் துவைத்துத் துவைத்து நைந்துபோன பனியன் துணி. காடாத் துணியால் பாலிஷைத் தொடவே மாட்டார். மூன்று நாள் கையாலேயே தேய்த்தார். நாலாம் நாள் என் முகம் கதவில் தெரிந்தது.

மருந்து பாதி, துணி பாதி என்பது அந்த அண்ணன் வாயால் கேட்டது. இது அவர் கண்டுபிடித்ததல்ல, இருநூறு, முந்நூறு வருஷத்துச் சமாசாரம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். பிரெஞ்சில் தாம்போன் என்றால் ரப்பர் ஸ்டாம்பு. முப்பது வருஷம் நான் பைல்களில் குத்தியது அதைத்தான். அதே தாம்போன்தான் மரச்சாமான் பாலிஷ் போடும் துணிப்பொட்டலத்துக்கும் பெயர். உள்ளே பஞ்சு, வெளியே மெல்லிய துணி. நம் நாட்டு அரக்கைச் சாராயத்தில் கரைத்து அந்தப் பொட்டலத்தால் மேசை நாற்காலிக்குத் தேய்ப்பார்கள். அதைத்தான் நம் ஊர் தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷ் என்கிறார்கள். அரக்கு நம்முடையது, பெயர் அவர்களுடையது!

அதற்கும் முன்னால், 18ஆம் நூற்றாண்டில், பாரீசில் மர்த்தேன் சகோதரர்கள் என்று வார்னிஷ்காரர்கள் இருந்தார்கள். சீனத்து, ஜப்பானிய அரக்கு வேலையைப் போலவே செய்துகாட்ட 1730இல் அரசரிடம் தனி உரிமை வாங்கியவர்கள். பிரபுக்களின் கோச்சு வண்டிகளுக்கும் அவர்கள் வார்னிஷ் உண்டு. வோல்தேர் கூடக் கவிதையில் அவர்களைப் புகழ்ந்திருக்கிறார். அந்தக் காலத்து வேலை முறையைப் பாருங்கள். முதலில் எரிமலை நுரைக்கல்லைப் பொடித்துத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார்கள். பிறகு அதைவிட மென்மையான திரிப்போலி மண். பொடி மாறும்போது துணியும் மாறும். நுரைக்கல்லுக்குப் பிரெஞ்சில் போன்ஸ் என்று பெயர். இன்றைக்கும் அங்கே உப்புத்தாள் மெஷினுக்குப் போன்சேஸ் என்றுதான் பெயர். கல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

கோச்சு வண்டிக்கு அடித்த எண்ணெய் வார்னிஷ்தான் முதல் கார்களுக்கும் வந்தது. ஒவ்வொரு பூச்சும் காயவேண்டும், நுரைக்கல் பொடியால் தேய்க்கவேண்டும், அதன் மேல் அடுத்த பூச்சு. கடைசிப் பூச்சைத் தூசி இல்லாத அறையில் அடித்துத் தொடாமல் விட்டுவிடுவார்கள், அது தானாகவே மின்னும். ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டு கம்பெனியோ 1914 வாக்கில் ஒரு சேசிஸை 93 நிமிஷத்தில் பூட்டி முடித்தது. வண்டி ஒன்றரை மணி, வார்னிஷ் பல வாரம் என்றால் எங்கே நிறுத்தி வைப்பது? மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பு ஒரே நிறத்தில் வந்தது. அடுப்பில் வைத்துச் சுட்டெடுத்த கறுப்பு.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது வெடிமருந்துக் கம்பெனி என்றால் நம்புவீர்களா? துய்போன் என்ற பிரெஞ்சுக்காரர், லவ்வாசியேவிடம் வெடிமருந்து வேலை பழகியவர், புரட்சிக்குப் பிறகு அமெரிக்கா போய் 1802இல் டெலவேரில் வெடிமருந்து ஆலை வைத்தார். நாம் டூபாண்ட் என்கிறோமே, அதுதான். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் நைட்ரோசெல்லுலோஸ்தான் புகையில்லா வெடிமருந்தின் மூலப்பொருள். முதல் உலகப்போர் முடிந்தபின் அதே சரக்கிலிருந்து டூபாண்ட் கம்பெனி ட்யூக்கோ என்ற பெயிண்ட்டைக் கொண்டுவந்தது. 1924ஆம் வருஷ மாடல் ஓக்லண்ட் கார்கள் நீல நிறத்தில் அந்தப் பெயிண்ட்டோடு வந்தன. வாரங்கள் போய் மணிக்கணக்காயிற்று. என் ஃபியட்டுக்கு அடித்த என்.சி. பெயிண்ட்டில் வரும் என்.சி. அந்த நைட்ரோசெல்லுலோஸ்தான்.

இது தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது. அதனால் மங்கலாக நிற்கும், தேய்த்தால்தான் பளபளப்பு. காம்பவுண்டும், கம்பளி ரோமப் பேட் போட்ட சுற்று மெஷினும் கார் உலகில் ஊன்றியது இந்தப் பெயிண்ட் காலத்தில்தான். மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம், பல பூச்சு. தேய்க்கத் தேய்க்கத் துணியில் காரின் நிறம் ஒட்டும். கொஞ்சம் கூடப் போனாலும் அடியிலும் அதே நிறம். அவசரக்காரனையும் மன்னிக்கும் பெயிண்ட் அது.

இன்றைய கார் மன்னிக்காது. நிறம் ஒரு மெல்லிய படலம், அதன்மேல் நிறமே இல்லாத கிளியர் கோட். அலுவலகத்து வெள்ளைத் தாள் ஒன்றின் கனம் சுமார் 100 மைக்ரான். இரும்புக்கு மேலே இருக்கும் மொத்தப் பெயிண்டும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதில் பாதிகூட இராது கிளியர் கோட். மடிப்பு, ஓரம் என்றால் இன்னும் மெலிசு. ஈரப் பெயிண்ட் கூர்மையான இடத்தில் நிற்காமல் இரண்டு பக்கமும் வழுகிவிடும். துணியில் நிறம் ஒட்டாததால் எவ்வளவு தேய்ந்தது என்றும் தெரியாது. நிறம் ஒட்டத் தொடங்கினால் காரியம் கெட்டது.

பாலிஷும் மாறிவிட்டது. பழைய காம்பவுண்டில் பொடி, தேய்க்கத் தேய்க்க நொறுங்கிச் சன்னமாகும். பாதியில் விட்டால் கோடு நிற்கும், கடைசிவரை ஓட்டினால் மழமழப்பு. இப்போது வரும் பலவற்றில் அலுமினியம் ஆக்சைடு பொடி ஆரம்பத்திலிருந்தே ஒரே சன்னம். அப்படியானால் வெட்டுவதா, மெருகேற்றுவதா என்பதைப் பெரும்பாலும் பேட்தான் முடிவு செய்கிறது. ஒரே பாலிஷை ரோமப் பேடில் போட்டால் வெட்டும், கெட்டி ஃபோமில் குறைவாக வெட்டும், மென்மையான ஃபோமில் மெருகு மட்டும் தரும். (ஃபோம் பேடின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் மஞ்சள் மென்மை, இன்னொன்றின் மஞ்சள் கெட்டி.) மெஷினும் இரண்டு ஜாதி. ஒன்று நேராகச் சுற்றுவது. சூடு ஒரே இடத்தில் ஏறும், வட்டக் கோடும் அதனால்தான். மற்றது சுற்றிக்கொண்டே தள்ளாடுவது. அதிகமாக அழுத்தினால் சுற்றுவதையே நிறுத்திக்கொள்ளும், அதனால் ஆபத்து குறைவு.

முதலாளியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சொன்னால் யார் கேட்பார்கள். "தம்பிக்கு இந்த ஒரு பேட்தான் கொடுத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "எல்லா வண்டிக்கும் இதானே சார், எங்க குரு காலத்திலிருந்து" என்றார். அது உண்மைதான். அவருடைய குரு என்.சி. பெயிண்ட் காலத்து ஆள். அவர் கற்றுக்கொடுத்தது தப்பில்லை, பெயிண்ட்தான் அடியிலிருந்து மாறிவிட்டது. அப்படியிருக்க இருபது வயதுப் பையன் சம்பளத்தில் எதைப் பிடிப்பது? கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். மகன் என் கையைத் தொட்டு நிறுத்தினான்.

கடைசியில் இப்படி முடிந்தது. மடிப்பில் தேய்ந்த இடத்துக்குப் பெயிண்ட் செலவில் பாதி முதலாளி, பாதி மகன். பையனிடம் ஒரு பைசா பிடிக்கக் கூடாது. வட்டக் கோடுகளை எடுக்க நாங்களே மூன்று ஃபோம் பேட் வாங்கிக்கொண்டு போனோம், தள்ளாடும் மெஷின் ஒன்றை முதலாளி பக்கத்துக் கடையில் இரவல் வாங்கினார்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை பையன் முன் கதவில் இரண்டு அடி சதுரத்துக்கு மட்டும் டேப் ஒட்டினான். முதலில் மிக மென்மையான பேடும் பாலிஷும். கோடு பாதிதான் போயிற்று. உடனே ரோமப் பேடுக்குத் தாவாமல், அதே பாலிஷை நடுத்தர ஃபோமில் போட்டான். போய்விட்டது. நடுநடுவே பேடைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தான், பழைய கழிவு அடைத்த பேடே கோடு போடும் என்று அவனுக்கே புரிந்துவிட்டது. பிறகு டேப்பைப் பிரித்து, வண்டியை வெயிலுக்குத் தள்ளச் சொன்னான். நானும் மகனும் தள்ளினோம். அவன் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கதவை ஓரமாகப் பார்த்தான். "வாங்க ஐயா, நீங்களும் பாருங்க" என்றான்.