ஃபேன் கண்டென்சரும் கேவண்டிஷின் காகிதக் கட்டும்

போன வாரம் எங்க வீட்டு ஃபேன் மாட்டுவண்டி வேகத்துல சுத்த ஆரம்பிச்சுது. எலக்ட்ரீஷியன் ஒரு சின்ன டப்பாவைக் கழட்டிட்டு வேற மாட்டினார். "கண்டென்சர் வீக் சார்." பழசை வாங்கிப் பார்த்தேன். 2.5 மைக்ரோ ஃபாரட். ஃபாரடே பேர்ல வச்ச அலகு. அந்த இடத்துல இன்னொருத்தர் பேர் இருந்திருக்கலாம், மக்களே.

கண்டென்சர்னா ரெண்டு உலோகத் தகடு, நடுவுல மின்சாரம் கடத்தாத ஒரு பொருள். 1740களில் வந்த லெய்டன் ஜாடியில் அது கண்ணாடி. தகடுகளைப் பிரிச்சு வைக்கறதுதான் அதோட வேலைன்னு தோணும், இல்லையா?

லண்டன்காரர் ஹென்றி கேவண்டிஷ் 1770களில் இதைச் சோதிச்சார். பெரும் பணக்காரர், மகா கூச்ச சுபாவி. வேலைக்காரங்களுக்குக்கூடச் சீட்டு எழுதித்தான் உத்தரவு. கண்ணாடி, அரக்கு, மெழுகுன்னு நடுப்பொருளை மாத்தி மாத்தி அளந்தார். கண்ணாடி இருந்தா, கணக்குப்படி வரவேண்டியதை விடப் பல மடங்கு சார்ஜ் ஏறுது! கண்டுபிடிச்சு என்ன செஞ்சார்? எழுதி உள்ளே வச்சுட்டார். 1810ல் இறந்தும் போனார்.

1837ல் இது எதுவும் தெரியாம மைக்கேல் ஃபாரடே முதல்லேர்ந்து ஆரம்பிச்சார். கொல்லர் மகன், புத்தக பைண்டிங் கடையில வேலை பழகினவர். ஒண்ணுக்குள்ள ஒண்ணா பித்தளைக் கோளங்கள் வச்ச ரெண்டு ஒரே மாதிரிக் கருவி. ஒண்ணுல இடைவெளி முழுக்கக் காத்து, இன்னொண்ணுல பாதி இடத்துக்கு அரக்கு. காத்து இருந்ததுக்கு சார்ஜ் ஏத்தி மத்ததோட தொட வச்சார். சரிபாதியாப் பிரியணும். பிரியல. அரக்கு இருந்தது அதிகமா இழுத்துக்கிச்சு.

ஏன்? கடத்தாத பொருளுக்குள்ள எலக்ட்ரான்கள் கட்டிப் போட்ட மாடு மாதிரி. ஓட முடியாது, ஆனா கயிறு விடற அளவுக்கு நகரும். மின்புலம் வந்ததும் நேர்மின் ஒரு பக்கமும் எதிர்மின் மறுபக்கமும் துளி விலகும். அந்த விலகல் தகடுகளுக்கு நடுவுல இருக்கற புலத்தைக் குறைக்கும். அதனால அதே வோல்டேஜுக்கு இன்னும் சார்ஜ் ஏத்தலாம். ஃபாரடே காலத்துல எலக்ட்ரான் யாருக்கும் தெரியாது. ஆனாலும் பொருளோட துகள்கள்தான் இப்படி இழுபட்டு நிக்குதுன்னு மனுஷன் சரியாப் பிடிச்சார்.

கேவண்டிஷ் காகிதங்களைத் தொகுத்து, சோதனைகளைத் தானும் செஞ்சு பார்த்து, 1879ல் புத்தகமாக்கினவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். அதே வருஷம் 48 வயசுல அவரும் போயிட்டார். எனக்குக் கேவண்டிஷ் மேல கோபம்தான் வருது. மேக்ஸ்வெல்லோட கடைசி வருஷங்கள்ல பாதி, ஒருத்தர் நூறு வருஷம் முன்னாடியே அச்சுக்குக் கொடுத்திருக்க வேண்டிய நோட்டுக்குப் போச்சே!

பழைய கண்டென்சரைத் தூக்கிப் போடல. மேசை மேலதான் கிடக்கு.