காதலர் தினம்: லாட்ஜ், அபார்ட்மெண்டில் ஜோடிகள் தங்கினால் குற்றமா?

தர்மபுரி, பிப்.13-

நாளை (14-ந்தேதி) காதலர் தினம். ஒகேனக்கல் லாட்ஜ் ஆனாலும், டவுனில் அடுக்குமாடி குடியிருப்பு ஆனாலும் ஜோடியாக போய் ரூம் கேட்டால் முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பதுதான். இதுபற்றி சட்டம் சொல்வது வருமாறு:-

கோவையில் 2019-ம் ஆண்டு ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டில் கல்யாணம் ஆகாத ஜோடி தங்கி இருந்ததாக கூறி அதிகாரிகள் 'சீல்' வைத்தனர். விவகாரம் சென்னை ஐகோர்ட்டுக்கு போனது. வயதுக்கு வந்த ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதே குற்றம் இல்லாதபோது, ஒரே அறையில் தங்குவதும் குற்றம் ஆகாது என்று கூறி, 'சீல்' வைத்தது செல்லாது என ஐகோர்ட்டு தீர்ப்பளித்தது.

அதற்காக யார் வேண்டுமானாலும் ரூம் போடலாம் என்று அர்த்தம் இல்லை. இருவருக்கும் 18 வயது முடிந்திருக்கணும். மைனர் பெண்ணை கூட்டிப் போனால் கடத்தல், 'போக்சோ' வழக்குகள் பாயலாம். "அவளும் விரும்பித்தான் வந்தாள்" என்ற பேச்சு எடுபடாது. கல்யாணத்துக்கு பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது ஆகி இருக்கணும்.

சாதி மாறி நடந்த காதல் கல்யாணத்தால் 2012 நவம்பர் 7-ந்தேதி தர்மபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில் 3 காலனிகளில் வீடுகள் கொளுத்தப்பட்டதை ஊர் மறக்கவில்லை. வயது வந்த இருவர் கல்யாணம் செய்ய குடும்பத்தின், சாதியின் சம்மதம் தேவை இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் கூறியது. மிரட்டல் வரும் ஜோடிகளுக்கு உதவ மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கவும் உத்தரவிட்டது.

ஆபத்து என்றால் தயங்காமல் 112-க்கு போன் செய்யலாம். பெண்கள் 181-ஐயும், சிறுமிகளுக்கு கல்யாண ஏற்பாடு நடந்தால் 1098-ஐயும் அழைக்கலாம்.