ஏரோ எக்டார் லென்ஸ்: விமானத்திலிருந்து டிஜிட்டல் கேமராவுக்கு

ஏரோ எக்டார் என்பது இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் ராணுவ விமானக் கேமராக்களுக்கென்று செய்த லென்ஸ் வரிசை. இவ்வரிசையில் 12 அங்குல லென்ஸும் உண்டு. ஆனால் ஒளிப்படக்காரர்கள் ஏரோ எக்டார் என்று பொதுவாகச் சொன்னால் 7 அங்குல, அதாவது 178 மி.மீ. குவியத்தூரமும் எஃப்/2.5 துளையும் கொண்ட லென்ஸையே குறிப்பார்கள். முன்னாலிருந்து நோக்கினால் இதன் ஒளித்துளை 71 மி.மீ. அகலத்துக்கு விரிந்திருக்கும். கையில் எடுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். பழைய வான்வழி லென்ஸ் ஒன்றை இன்றைய கேமராவில் பொருத்த முனைவோர் எதிர்கொள்ளும் ஏறத்தாழ எல்லாச் சிக்கல்களும் இந்த ஒரு லென்ஸிலேயே இருக்கின்றன. அதனால்தான் அதன் கதை இங்கே விரிவாகச் சொல்லப்படுகிறது.

இரவுக்கான லென்ஸ்

வானிலிருந்து ஒளிப்படம் எடுக்கும் வேலை 1858இல் பிரான்சில் நாடார் என்ற ஒளிப்படக்காரர் பலூனில் ஏறியபோதே தொடங்கிவிட்டது. அவர் எடுத்த அந்தப் படங்கள் மிஞ்சவில்லை. ஜேம்ஸ் வாலஸ் பிளாக் 1860இல் பாஸ்டன் நகருக்கு மேலே பலூனிலிருந்து எடுத்ததே இன்று கிடைக்கும் வான்வழிப் படங்களில் பழையது. முதல் உலகப்போர் இந்தக் கலையை வேவுத் தொழிலாக்கியது. பகலில் எதிரியின் பதுங்குகுழிகளை எடுக்க எஃப்/4.5, எஃப்/6.3 அளவிலான லென்ஸ்கள் போதுமானவை. ஆனால் மேலே கேமரா பறக்கிறது என்று தெரிந்தபின் எந்தப் படையும் பகலில் நகராது. இரவில் எடுக்க வழி தேட வேண்டியதாயிற்று.

அமெரிக்க ராணுவ அதிகாரி ஜார்ஜ் கோடார்ட் 1925 நவம்பர் 20 அன்று இரவில் ஒரு நகருக்கு மேலே பறந்து, ஒளிவெடிப் பொடி நிரப்பிய குண்டைப் போட்டு, அந்த வெளிச்சத்தில் கீழே இருந்த தெருக்களைப் படம் எடுத்தார். அந்த நகரம் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர், கோடாக் நிறுவனத்தின் சொந்த ஊர். பின்னாளில் அவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹரால்டு எட்கர்டனை நாடினார். குண்டுக்குப் பதிலாக விமானத்திலேயே பொருத்திய மின்ஒளி விளக்கை எட்கர்டன் உருவாக்கினார். 1944 ஜூனில் நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முந்தைய இரவில் அந்தப் பகுதியின் சாலைகளை எடுக்க அவ்விளக்குகள் பயன்பட்டன.

வெளிச்சம் ஒரு பாதி என்றால் லென்ஸ் மறுபாதி. எஃப்/4.5 லென்ஸைவிட எஃப்/2.5 லென்ஸ் மூன்று மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். எஃப்/6.3 உடன் ஒப்பிட்டால் ஆறு மடங்குக்கு மேல். பிரிட்டிஷ் விமானப்படையின் எஃப்.24 கேமராவைத் தழுவி அமெரிக்கர்கள் கே-24 என்ற கேமராவைச் செய்தார்கள். அது 5 அங்குலச் சதுரப் படங்களை எடுக்கும். அதற்கென்றே அமைந்தது 7 அங்குல ஏரோ எக்டார். இதன் அமைப்பு கோடாக்கின் ஜார்ஜ் ஆக்லின் வகுத்தது. இரட்டை காஸ் அமைப்பின் வழிவந்த ஏழு கண்ணாடிகள் இதில் இருக்கின்றன.

துளை பெரிதாகப் பெரிதாகப் படத்தின் ஓரங்கள் குழம்பும். அதைத் திருத்த, ஒளியை அதிகம் வளைக்கவும் வேண்டும், நிறங்களை அதிகம் பிரிக்காமலும் இருக்க வேண்டும். மணலை மூலப்பொருளாகக் கொண்ட வழக்கமான கண்ணாடி இரண்டையும் ஒருசேரத் தராது. 1930களில் வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தின் புவியியற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மோரி லாந்தனம், தோரியம் போன்ற தனிமங்களின் ஆக்சைடுகளைக் கொண்டு புதுவகைக் கண்ணாடியைச் செய்து காட்டினார். கோடாக் அதை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. ஏரோ எக்டாரின் பின்பக்கக் கண்ணாடிகளில் இருப்பது அத்தகைய தோரியக் கண்ணாடி.

தோரியம் நமக்கு அந்நியமானதல்ல. கல்யாண ஊர்வலங்களில் தலையில் சுமந்துபோன பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலை அவ்வளவு வெண்மையாக ஒளிரச் செய்தது தோரியம் ஆக்சைடுதான். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டுத் தாதுவில் இருப்பதும் அதே தனிமம்.

சந்தைக்கு வந்த போர்ச்சரக்கு

1945க்குப் பின் அமெரிக்க ராணுவம் தேவைக்கு மிஞ்சிய கேமராக்களையும் லென்ஸ்களையும் விற்றுத் தள்ளியது. தொழிற்சாலையில் செய்ய எவ்வளவோ செலவான ஏரோ எக்டார் சொற்ப விலைக்குப் போயிற்று. வாங்கியவர்களில் வானியல் ஆர்வலர்களும் உண்டு. நட்சத்திரக் கூட்டங்களை எடுக்க இவ்வளவு பெரிய துளை அவர்களுக்கு வேறெங்கும் மலிவாகக் கிடைக்கவில்லை.

இந்த லென்ஸில் ஷட்டர் கிடையாது. கே-24 கேமராவில் ஷட்டர் ஃபிலிமுக்கு முன்னால், கேமராவுக்குள்ளேயே இருந்தது. ஆகவே தனக்கென்று குவியத்தள ஷட்டர் வைத்திருந்த ஸ்பீட் கிராபிக் என்ற 4×5 அங்குலப் பத்திரிகைக் கேமரா இதற்கு இயல்பான துணையாயிற்று. அமெரிக்கப் பத்திரிகை ஒளிப்படக்காரர் டேவிட் பர்னெட் இந்த இணையைத் தோளில் சுமந்துகொண்டு 2004ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் பிரசாரத்தைப் படம் எடுத்தார். சுற்றிலும் எல்லோரும் டிஜிட்டல் கேமராவோடு நின்ற கூட்டத்தில் அவருடைய படங்கள் தனித்துத் தெரிந்தன. ஒருவர் முகம் மட்டும் கூர்மையாக நிற்க, மற்றதெல்லாம் கரைந்துபோகும் அந்தத் தோற்றத்தைப் பார்த்தபின் லென்ஸின் விலையும் புகழும் ஏறத் தொடங்கின.

அந்தத் தோற்றத்துக்குக் காரணம் லென்ஸ் மட்டுமல்ல, ஃபிலிமின் அளவும்தான். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பணத்தைப் போட்டு ஏமாறுகிறவர்கள் பலர். 4×5 ஃபிலிமில் 178 மி.மீ. என்பது இயல்பான பார்வைக்கோணம், மூலைக்கு மூலை ஏறத்தாழ 47 பாகை. அந்த அகலத்தில் எஃப்/2.5 தரும் மெல்லிய கூர்மைப்பகுதியை 36×24 மி.மீ. சென்சாரில் பெற வேண்டுமானால் எஃப்/0.7 அளவில் ஒரு 50 மி.மீ. லென்ஸ் வேண்டும். அப்படி ஒன்று உண்மையிலேயே இருந்தது. நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த பிளானார். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் ‘பாரி லிண்டன்’ திரைப்படத்தில் மெழுகுவத்தி வெளிச்சக் காட்சிகளை எடுத்தது அதைக் கொண்டுதான்.

டிஜிட்டல் கேமராவில் பொருத்துதல்

ஏரோ எக்டார் விழுத்தும் ஒளிவட்டம் 5 அங்குலச் சதுரத்தை மூடக்கூடியது. அச்சதுரத்தின் மூலைவிட்டம் 180 மி.மீ. முழுச்சட்ட (36×24 மி.மீ.) சென்சாரின் மூலைவிட்டமோ 43 மி.மீ. பரப்பளவில் கணக்கிட்டால் லென்ஸ் தரும் படத்தில் 19இல் ஒரு பங்குதான் சென்சாருக்குக் கிடைக்கிறது. பார்வைக்கோணம் 14 பாகைக்குச் சுருங்கி, லென்ஸ் கனத்த டெலிஃபோட்டோவாகிவிடும். 44×33 மி.மீ. சென்சார் கொண்ட மீடியம் ஃபார்மட் கேமராவில் 17 பாகைக்குச் சற்று மேல்.

இயந்திர வேலை என்று பார்த்தால் பொருத்துவது கடினமல்ல. லென்ஸின் பின்கண்ணாடிக்கும் ஃபிலிமுக்கும் இடையே நிறைய இடைவெளி உண்டு. உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்கள் மவுண்டிலிருந்து சென்சார் வரை 44 முதல் 46.5 மி.மீ. வரை எடுத்துக்கொண்டன. அவற்றுக்கே இடம் இருந்தது. 16 முதல் 20 மி.மீ. வரை மட்டும் கேட்கும் மிரர்லெஸ் கேமராக்கள் வந்தபின் நடுவில் குழாய், வளையம், லென்ஸைத் திருகி நகர்த்தும் ஹெலிகாய்டு எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் கிடைத்துவிட்டது. ஷட்டரும் கேமராவிலேயே இருக்கிறது. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி மெனுவில் மாற்றிக்கொள்ள வேண்டும். அதிர்வுத் தடுப்பு இருந்தால் குவியத்தூரத்தை நாமே உள்ளிட வேண்டும்.

ஃபோகஸ் செய்வதற்கு இந்த லென்ஸில் எந்த ஏற்பாடும் இல்லை. ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் பறக்கிற விமானத்துக்கு எல்லாமே முடிவிலித் தொலைவுதான். தரையில் ஐந்து மீட்டரில் நிற்பவரை எடுக்க லென்ஸை 6.6 மி.மீ. முன்னே நகர்த்த வேண்டும். மூன்று மீட்டருக்கு 11 மி.மீ., இரண்டு மீட்டருக்கு 17 மி.மீ. இதைத் திருகி நகர்த்தும் ஹெலிகாய்டு அகலமானதாக இருக்க வேண்டும். எஃப்/2.5இல் ஒளிக்கூம்பு சென்சாருக்கு 80 மி.மீ. முன்னாலேயே 32 மி.மீ. அகலம் கொண்டது. சென்சாரின் மூலைகளுக்குப் போகும் கூம்புகளையும் சேர்த்தால் 42 மி.மீ. மரைக் குழாய் அவற்றைக் கடித்துவிடும். 65 மி.மீ. மரையுள்ள ஹெலிகாய்டே நம்பத்தக்கது. கடையில் 42 மி.மீ. எளிதாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் பொருத்தினால் மூலைகள் இருண்டு, எஃப்/2.5 பெயரளவில் மட்டும் நிற்கும்.

பலர் கவனிக்காமல் விடுவது குழாயின் உட்புறம். சென்சாருக்கு வேண்டாத 18 பங்கு ஒளியும் அந்தக் குழாய்க்குள்தான் போய் விழுகிறது. லேத்தில் கடைந்த அலுமினியச் சுவர் பளபளப்பாக இருந்தால் அந்த ஒளி சிதறிப் படம் முழுவதும் வெளிறிவிடும். லென்ஸ் மங்கலானது என்று பழிசொல்கிறவர்கள் முதலில் குழாய்க்குள் கருப்பு வெல்வெட் தாள் ஒட்டிப் பார்க்க வேண்டும். கூடவே சென்சாரின் வடிவத்துக்கு வெட்டிய ஒரு தடுப்புத் தகட்டையும் இடையில் வைத்தால் படம் உடனே தெளிகிறது. முக்காலியில் தாங்க வேண்டியது லென்ஸை. கேமராவைத் தாங்கினால் மவுண்ட் வளையம் அந்தக் கனத்தில் நாளடைவில் நெளிந்துவிடும்.

லென்ஸின் முழு வட்டத்தையும் பயன்படுத்த விரும்புகிறவர்கள் 4×5 கேமராவின் பின்புறத்தில் நகரும் தட்டு ஒன்றை வைத்து, டிஜிட்டல் கேமராவை அதில் மாட்டி, இடம் மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒட்டுகிறார்கள். அசையாத பொருளுக்கே இது ஒத்துவரும். முழுவட்டத் தோற்றம் டிஜிட்டலில் கிடைக்க இதுவே நேர்மையான வழி. பின்புறத் தேய்கண்ணாடியில் விழும் படத்தை இன்னொரு கேமராவால் எடுக்கும் முறையும் உண்டு. அதில் தேய்கண்ணாடியின் சொரசொரப்பும் நடுவில் கூடுதல் வெளிச்சமும் படத்தில் ஏறிவிடும்.

படத்தின் தன்மை பற்றி ஒரு சொல். 24 மெகாபிக்சல் முழுச்சட்ட சென்சாரில் ஒரு பிக்சல் 6 மைக்ரான். அந்த நுணுக்கத்தை 1940களின் வான்வழி ஃபிலிம் கேட்கவே இல்லை. முழுத்துளையில் கூர்மையின் மேல் ஒரு மெல்லிய ஒளிப்படலம் தெரியும். துளையைக் குறைத்தால் இறுகும். வான்வழிப் படங்களைப் பனிமூட்டம் ஊடுருவ மஞ்சள் அல்லது சிவப்பு வடிகட்டியோடு எடுத்தார்கள். நீலக் கதிர்களை வடிகட்டியே நிறுத்திவிட்டதால் அவ்வகை லென்ஸ்களில் நீலத்தின் திருத்தம் பெரிதாகக் கருதப்படவில்லை. டிஜிட்டலில் வெண்சட்டை ஓரங்களில் ஊதா நிறம் படர்வதைக் காண நேர்ந்தால் ஒரு மஞ்சள் வடிகட்டியைப் போட்டுக் கருப்பு வெள்ளையில் எடுத்துப் பாருங்கள்.

தோரியம் செய்யும் வேலை

தோரியத்தின் அரைவாழ்வு சுமார் 1400 கோடி ஆண்டுகள். லென்ஸ் செய்த நாளில் இருந்த கதிரியக்கம் இன்றும் குறைந்தபாடில்லை. அந்தக் கதிர்வீச்சே கண்ணாடிக்குள் நிறமையங்களை உண்டாக்கி அதைத் தேநீர் நிறத்துக்குப் பழுக்க வைக்கிறது. டிஜிட்டல் கேமரா வெள்ளைச் சமநிலையைத் தானே திருத்திக்கொள்ளும். ஆனால் நீலச் சேனலை உயர்த்தித் திருத்துவதால் நிழல்களில் புள்ளிகள் பெருகும்.

பழுப்பைப் போக்கப் புற ஊதா ஒளி போதும். வெயில் படும் ஜன்னலில் சில நாள் முதல் சில வாரம் வரை வைத்தாலோ புற ஊதா எல்.இ.டி. விளக்கின் கீழ் வைத்தாலோ கண்ணாடி வெளுத்துவிடும். வெயிலில் வைக்கும்போது மறுபக்கத்தை அலுமினியத் தாளால் மூடியே தீரவேண்டும். 71 மி.மீ. அகல லென்ஸ் சூரியனைக் குவித்தால் திரைச்சீலை பற்றிக்கொள்ளும். அதிகச் சூடு கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசையையும் கெடுக்கும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, படம் எடுக்கும் தொலைவில் பயப்பட ஒன்றுமில்லை. அமெரிக்க விதிகள் 2013 ஆகஸ்டுக்கு முன் செய்து முடித்த லென்ஸில் எடையில் 30 விழுக்காடு வரை தோரியத்தை அனுமதிக்கின்றன, கண்ணருகே வைக்கும் லென்ஸ்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஏரோ எக்டாரின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட வெகுவாகக் கதிர்வீசும். ஆகவே பின்பக்கத்தைக் கண்ணருகே வைத்து உருப்பெருக்கியாகப் பயன்படுத்தக் கூடாது. படுக்கைக்குப் பக்கத்திலும் ஃபிலிம் வைக்கும் அலமாரியிலும் இதை வைக்கலாகாது. கண்ணாடியைத் தேய்ப்பதும் உடைப்பதும் அறவே கூடாது. அந்தத் தூள் மூச்சில் போனால்தான் உண்மையான ஆபத்து.

ஒத்த லென்ஸ்கள்

பிரிட்டனின் டால்மேயர் பென்டாக், 8 அங்குலம், எஃப்/2.9, ஏரோ எக்டாருக்கு மூத்தது. சோவியத் நாட்டின் யூரான்-27, 100 மி.மீ., எஃப்/2.5, வான்வழிக் கேமராவில் 70×80 மி.மீ. படத்துக்காக ஆனது. டிஜிட்டலில் மட்டுமே பயன்படுத்த எண்ணுகிறவருக்கு ஏரோ எக்டாரைவிட யூரானே பொருத்தம். அதன் வட்டம் சிறியது, ஆகவே 44×33 சென்சாரில் வீணாவதும் குறைவு. முழுச்சட்ட சென்சாரில் ஏரோ எக்டார் தருவதை இன்றைய 180 அல்லது 200 மி.மீ. லென்ஸ் குறைந்த கனத்தில் கூர்மையாகத் தரும். 4×5 ஃபிலிமிலோ ஒட்டுப்படத்திலோதான் ஏரோ எக்டாருக்கு ஈடில்லை.

இந்த லென்ஸை வாங்குகிறவர்கள் முன்வளையத்தில் வரிசை எண்ணுக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்துகளைப் பார்க்க வேண்டும். ‘கேமரோசிட்டி’ (CAMEROSITY) என்ற சொல்லின் பத்து ஆங்கில எழுத்துகளை 1 முதல் 9 வரையும் கடைசியில் 0 என்றும் கோடாக் வைத்துக்கொண்டது. இரண்டு எழுத்தும் ‘ஈ’ என்றிருந்தால் 1944, ‘ஈ ஆர்’ என்றிருந்தால் 1945. அடாப்டருக்கு வசதியாக இருக்கும் என்று லேத்தில் பின் விளிம்பை வெட்டியும் முன்வளையத்தைக் கழற்றி எறிந்தும் பலர் இந்த எழுத்துகளையும் மூல உடலையும் அழித்துவிட்டார்கள். இனி ஒரு ஏரோ எக்டார் கூடச் செய்யப்படப் போவதில்லை. லேத்தில் வைக்க வேண்டியது அடாப்டரை, லென்ஸை அல்ல. லென்ஸின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்படி வளையத்தைக் கடையச் சொல்லுங்கள், நாளை இன்னொருவர் கழற்றி எடுத்தாலும் லென்ஸ் 1944இல் இருந்தபடியே இருக்கட்டும்.