மாணவர் பேரவைத் தலைமைக்கு வந்த வரம்புகள்

இந்தியக் கல்லூரித் தேர்தல்களில் பணமும் அடிதடியும் பெருகியதால், கேரள வழக்கொன்றை விசாரித்த உச்ச நீதிமன்றம் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே. எம். லிங்டோ தலைமையில் குழு அமைக்கச் செய்தது. அதன் பரிந்துரைகளை நீதிமன்றம் 2006 செப்டம்பரில் ஏற்றது.

நிர்வாகப் பொறுப்புக்கு ஒருவர் ஒருமுறைதான் போட்டியிடலாம். செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இருமுறை. ஆண்டுக்கணக்கில் படித்துக்கொண்டே தலைவராக நீடித்த ‘நிரந்தர மாணவர்’களுக்கு இது முற்றுப்புள்ளி. இளங்கலை மாணவருக்கு வயது வரம்பு 17 முதல் 22. வருகைப்பதிவு 75 விழுக்காடு. செலவு 5,000 ரூபாய்க்குள். அச்சடித்த சுவரொட்டிக்குத் தடை, கையால் எழுதியதற்கு மட்டும் அனுமதி. ஒலிபெருக்கியும் வாகனமும் கூடாது. விலங்குகளை வைத்து வாக்குக் கேட்பதும் கூடாது என்று தனியே எழுத வேண்டியிருந்தது, அன்றைய ஆர்ப்பாட்டங்களுக்குச் சான்று.

மாணவர்களே தேர்தல் ஆணையம் அமைத்து ஒழுங்காக நடத்திவந்த டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தையும் இதே அளவுகோலால் அளந்தது நியாயமல்ல. விதிமீறல் என்று 2008-இல் தடைபட்ட அதன் தேர்தல் 2012 மார்ச்சில்தான் மீண்டும் நடந்தது.