வானில் ஒரு பொய்ச்சாட்சி – அத்தியாயம் 6: எம்எச் 124

லிமா நகரத்துக் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் தம் திரையைப் பார்த்து உயரத்தைப் படித்துச் சொல்கிறார். அதைக் காதில் வாங்கிக்கொண்டு, பசிபிக் கடலின் கும்மிருட்டில் ஒரு போயிங் 757 கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. சென்ற வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தினோம்.

1996 அக்டோபர் 2, ஏரோபெரு 603. விமானத்தைக் கழுவும்போது காற்றழுத்தத் துளைகளின் மேல் ஒட்டிய டேப்பை யாரும் பிரித்தெடுக்கவில்லை. அந்தத் துளைகள் அடைபட்டால் உயரமானியும் வேகமானியும் உளறத் தொடங்கிவிடும். உளறின. விமானிகள் கேட்கவேண்டியதைத்தான் கேட்டார்கள்: தங்கள் கருவிகளை நம்பாமல், நாங்கள் எந்த உயரத்தில் இருக்கிறோம் என்று தரையில் இருப்பவரிடம் விசாரித்தார்கள். அவரும் பொய் சொல்லவில்லை. ஒன்பதாயிரத்துச் சொச்சம் அடி என்று திரையில் இருந்ததைத்தான் படித்தார். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது? அதே விமானம், அடைபட்ட அதே துளைகளை வைத்துக் கணக்கிட்டுத் தரைக்கு அனுப்பியது அது. இறக்கை தண்ணீரைத் தொட்ட நேரத்திலும் திரை அதையேதான் காட்டிக்கொண்டிருந்தது. 70 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

சந்தேகம் வந்தால் வேறொரு சாட்சியைக் கேள் என்பார்கள். லிமாவில் கேட்டார்கள், இரண்டாவது சாட்சியும் முதல் சாட்சியின் வாயைப் பார்த்தே பேசியது. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வாரம் நம் நாட்டு விமானம் ஒன்றுக்குள் ஏறுவோம்.

எம்எச் 370, எம்எச் 17 என்றால் மலேசியாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எம்எச் 124 என்றால் எத்தனை பேருக்கு நினைவு வரும்? அதில் யாரும் சாகவில்லை. அதனாலேயே அது நம் பேச்சிலிருந்து நழுவிப்போயிற்று. விமான உலகின் பொறியாளர்கள் இன்றும் அதை எடுத்து வைத்துப் படிக்கிறார்கள்; நாம்தான் மறந்துவிட்டோம். அந்த விமானத்தை ஓட்டிய இருவருக்கு இந்த நாடு பட்ட கடன் பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

* * *

2005 ஆகஸ்டு 1, திங்கட்கிழமை. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த் நகரம். மலேசியா ஏர்லைன்சின் போயிங் 777-200 ஒன்று மாலை 5 மணி 3 நிமிடம் அளவில் கோலாலம்பூருக்குப் புறப்படுகிறது. பெர்த்துக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றுதான். இரவு கேஎல்ஐஏவில் இறங்கினால், ஈப்போக்காரர் விடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். இவ்வளவு பெரிய விமானம் நம் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்தில் இறங்காது என்பதால், பேராக் மக்களுக்குப் பெர்த் போவதும் வருவதும் பெரும்பாலும் கோலாலம்பூர் வழியாகத்தான். தோட்டத்தை விட்டு வெளியேறி, பிள்ளைகளைப் பெர்த்துக்குப் படிக்க அனுப்பிய குடும்பங்கள் சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் உண்டு. அவர்கள் போய்வரும் பாதை இது.

777 சாதாரண விமானம் அல்ல. போயிங் கட்டிய பயணிகள் விமானங்களில், விமானியின் கையசைவைக் கம்பியும் கப்பியும் கொண்டு செல்லாமல், கணினி வழியாக மின்சமிக்ஞையாக இறக்கைக்கு அனுப்பும் முதல் விமானம் அது. அந்தக் கணினிகளுக்கு விமானம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகம் என்றெல்லாம் சொல்வதற்கு ஒரு பெட்டி உண்டு. சுருக்கமாக அதை அடிரு என்பார்கள்.

பெர்த்துக்கு வடமேற்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர். கீழே இந்தியப் பெருங்கடல். விமானம் 38,000 அடியைக் கடந்து ஏறிக்கொண்டிருக்கிறது. தானியங்கிதான் ஓட்டுகிறது.

முதலில் திரையில் ஒரு சிறு எச்சரிக்கை: வேகம் குறைவு. அதே நேரத்தில், விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று காட்டும் குறி வலது ஓரத்துக்கே ஓடிப்போய் நின்றது. பிறகு வேகப்பட்டை. அதில் மேலே ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் மிதமிஞ்சிய வேகம். கீழே ஒரு எல்லை உண்டு. அதற்குக் கீழே போனால் இறக்கைக்குத் தாங்கும் சக்தி போய்விடும். அதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் விமானம் பறக்கிறது. அன்று மேல் எல்லையும் கீழ் எல்லையும் ஒரே நேரத்தில் நெருங்கி வருவதாகத் திரை காட்டியது. வேகம் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா? இரண்டும் என்றது கருவி.

யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. யாரும் தொடாமலேயே விமானத்தின் மூக்கு மேலே தூக்கியது.

38,000 அடியிலிருந்து ஏறத்தாழ 41,000 அடிக்கு விமானம் தானாக ஏறியது. ஏற ஏற வேகம் செத்தது. மணிக்கு 270 கடல் மைலாக இருந்த வேகம் 158 கடல் மைலுக்கு இறங்கிற்று. இது கருவியின் உளறல் இல்லை. நிஜமாகவே இழந்த வேகம். ஸ்டால் எச்சரிக்கை ஒலித்தது. விமானியின் கையில் இருந்த கட்டுப்பாட்டுத் தண்டு உதறத் தொடங்கியது. ஸ்டாலை நெருங்கினால் விமானியின் கையை உலுக்கி எச்சரிப்பதற்கென்றே வைத்த ஏற்பாடு அது.

தலைமை விமானி தானியங்கியைத் துண்டித்து, மூக்கைக் கீழே தாழ்த்தினார். அடுத்த அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. எஞ்சின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோதிராட்டில், மூக்கு தாழ்ந்துகொண்டிருந்த நேரத்தில் விசையைக் கூட்டச் சொன்னது. அவர் நெம்புகோல்களைக் கையால் பின்னே இழுத்து அதை முறியடித்தார். மூக்கு இரண்டாம் முறை மேலே தூக்கியது. இன்னொரு 2,000 அடி.

விமானியை அவருடைய விமானமே எதிர்த்துக்கொண்டிருந்தது.

* * *

இவர்களை ஒரு நிமிடம் அந்த உயரத்தில் விட்டுவிட்டு, அடிரு பெட்டியைத் திறந்து பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

அதற்குள் திசையும் சாய்வும் அறியும் கருவிகளோடு ஆறு முடுக்குமானிகள் இருந்தன. விமானம் எந்தப் பக்கம் உந்தப்படுகிறது, எவ்வளவு பலமாக உந்தப்படுகிறது என்று உணர்வது முடுக்குமானியின் வேலை. ஆறும் வெவ்வேறு கோணத்தில் சாய்த்துப் பொருத்தியவை. ஒன்று பழுதானாலும் மற்றவற்றை வைத்து முழுக் கணக்கையும் போட்டுவிடலாம். அதனால் ஒன்று கெட்டதும் விமானத்தை நிறுத்தவேண்டியதில்லை. பெட்டியே அதை ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடரும். நல்ல ஏற்பாடுதான். இதைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்த விமானத்தில் ஐந்தாம் முடுக்குமானி 2001 ஜூனில் கெட்டது. அது வாயடைத்துப்போகவில்லை; இல்லாத பெரிய அளவுகளைச் சொல்லிக்கொண்டே இருந்தது. பெட்டி அதை ஒதுக்கியது. நான்கு ஆண்டுக்கு மேல் விமானம் அப்படியே பறந்தது. 2005 ஆகஸ்டு 1-ஆம் தேதி ஆறாம் முடுக்குமானியும் கெட்டது. ஆறாவதை ஒதுக்கிய மென்பொருள், ஐந்தாவது ஏற்கெனவே ஒதுக்கப்பட்டது என்பதை விட்டுவிட்டது. நான்கு ஆண்டாகப் பொய் சொல்லிவந்த சாட்சியைக் கூப்பிட்டுக் கூண்டில் ஏற்றியது.

பேராக்கில் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பால் கொட்டகையை நினைத்தால் இது சட்டென்று பிடிபடும். அங்கே ஒரு தராசு கெட்டுப்போகிறது. உள்ளதை விட அதிகமாகக் காட்டுகிறது. கிராணி அதை மூலையில் தள்ளி, பேரேட்டில் குறித்தும் வைக்கிறார். வருடங்கள் ஓடுகின்றன. ஒருநாள் இன்னொரு தராசும் மக்கர் பண்ணுகிறது. பேரேட்டைப் புரட்டாமல், மூலையில் கிடக்கும் பழையதை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். மங்கு மங்காக வடித்து, காண்டா வாளியில் சுமந்துவந்த பால் அந்த முள் காட்டுவதுபோல் இல்லை என்று முதலில் யாருக்குத் தெரியும்? தோளில் சுமந்தவருக்குத்தான். பேரேடு எழுதுபவருக்கு அல்ல.

எம்எச் 124-இல் தோளில் சுமந்தவர்கள் காக்பிட்டில் இருந்தார்கள்.

* * *

இந்த நிலைமைக்கென்று கையேட்டில் ஒரு பக்கம் கூட இல்லை. பெட்டிக்குள் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரிய வழியும் இல்லை. அவர்கள் செய்தது இதுதான்: விமானத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். மூக்கு எவ்வளவு உயரம், எஞ்சினுக்கு எவ்வளவு விசை என்ற இரண்டையும் தாங்களே பிடித்துக்கொண்டார்கள். தங்களால் உயரத்தை நிலையாக வைத்திருக்க முடியவில்லை என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, இறங்க அனுமதியும், பெர்த்துக்குத் திரும்ப ரேடார் துணையும் கேட்டார்கள். தங்கள் வேகத்தையும் உயரத்தையும் ரேடாரோடு ஒத்துப்பார்த்தார்கள்.

லிமாவில் தோற்ற அதே காரியம் இங்கே கைகொடுத்தது. காரணம், எம்எச் 124-இல் கெட்டது காற்றை அளக்கும் துளைகள் அல்ல. அசைவை அளக்கும் முடுக்குமானிகள். தரைக்குப் போன உயரம் காற்றழுத்தத்திலிருந்து எடுத்தது, அது நலமாக இருந்தது. நிலத்தின் மேல் விமானம் நகரும் வேகத்தையோ ரேடார் தன் கணக்கிலேயே கண்டுகொள்ளும். இரண்டாவது சாட்சிக்கு இந்த முறை சொந்தக் கண் இருந்தது.

இறங்கும்போது திரைகள் வழக்கம்போல் தெரிந்தன. தலைமை விமானி தானியங்கியை மீண்டும் முயன்று பார்த்தார். விமானம் தாறுமாறாக அசைந்தது, துண்டித்தார். மற்றொரு தானியங்கியைப் போட்டார். அதுவும் அதே கூத்து. அந்தப் பெட்டியின் சொல்லைக் கேட்டுத்தானே இரண்டும் வேலை செய்கின்றன! பிறகு கடைசிவரை கைதான்.

கரை தெரிந்ததும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஓடுபாதையை நோக்கி 3,000 அடியில் இறங்கும்போது வேகம் குறைவு என்ற எச்சரிக்கை திரும்ப வந்தது. ஆட்டோதிராட்டில் விசையைக் கூட்டச் சொன்னது. கூடவே, காற்றின் வேகமும் திசையும் திடீரென மாறுவதாக இன்னொரு எச்சரிக்கையும் ஒலித்தது. அவ்வளவு தாழ்வில் அப்படியோர் எச்சரிக்கை கேட்டால் எந்த விமானிக்கும் வயிறு கலங்கும். இருவரும் கலங்காமல் இறக்கத்தைத் தொடர்ந்து, பெர்த் ஓடுபாதையில் விமானத்தைக் கையாலேயே இறக்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

* * *

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் விசாரித்து 2007-இல் அறிக்கை வெளியிட்டது. மென்பொருளில் இருந்த அந்த ஓட்டை, விமானத்துக்குச் சான்று கொடுத்த சோதனைகளில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அமெரிக்க விமானத்துறை நிர்வாகம் சம்பவம் நடந்த அதே ஆகஸ்டு இறுதியிலேயே அவசர உத்தரவு போட்டு, 777 வைத்திருக்கும் நிறுவனங்களைப் பழைய மென்பொருளுக்குத் திரும்பச் சொல்லியிருந்தது.

அறிக்கையில் என்னை உலுக்கிய செய்தி ஒன்று உண்டு. பறப்பைக் கட்டுப்படுத்தும் முதன்மைக் கணினிகளில், வெவ்வேறு மூலங்களிலிருந்து வரும் அளவுகளில் நடுவானதை எடுத்துக்கொள்ளும் ஒரு ஏற்பாடு இருந்தது. அடிருவுக்குத் துணையாக இருக்கும் மாற்றுப் பெட்டி தவறினால் சமாளிக்கத்தான் அதை வைத்தார்கள். அடிரு தவறும் என்று எண்ணி வைக்கவில்லை. அன்று தவறியது அடிரு. வேறெதற்கோ வைத்த அந்த ஏற்பாடுதான் பொய்யின் வீரியத்தைக் குறைத்தது. அது இல்லாதிருந்தால் மூக்கு இன்னும் மூர்க்கமாகத் தூக்கியிருக்கும்.

முடுக்குமானி கெட்டதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இயந்திரம் என்றால் கெடும். ஆனால் கெட்டது என்று ஒருமுறை கண்டுகொண்டதை ஓர் இயந்திரம் மறக்கும்படி நிரல் எழுதியது மனிதத் தவறு. அதை இரண்டு மனிதர்கள் வானத்தில் வைத்து ஈடுசெய்தார்கள். தானியங்கி இருக்கும்போது விமானிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு எம்எச் 124-ஐச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு, கருவிகளை நம்ப முடியாத இந்த ஆபத்து நம் நாட்டு விமானங்களுக்கு வரவில்லையா? வந்தது.

2018 ஜூலை 18 நள்ளிரவை நெருங்கும் நேரம். பிரிஸ்பேன் விமான நிலையம். கோலாலம்பூருக்குக் கிளம்பும் மலேசியா ஏர்லைன்சின் ஏர்பஸ் ஏ330, எம்எச் 134. உள்ளே 229 பேர். அந்த ஊரில் குளவிகள் வேகமானிக் குழாய்க்குள் மண்கூடு கட்டிவிடும் என்பதற்காக, நின்ற நேரத்தில் குழாய்களுக்கு உறை மாட்டியிருந்தார்கள். மூன்று குழாய்கள், மூன்று உறைகள். விமானத்தைச் சுற்றிப் பார்த்தவர் எவர் கண்ணிலும் அவை தங்கவில்லை. எஞ்சின் முழு விசைக்கு வந்து, சக்கரங்கள் ஓடுபாதையில் உருண்டபோது, விமானிகள் இருவர் திரையிலும் வேகம் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பில் ஓர் எச்சரிக்கை மட்டுமே இருந்தது. விமானம் நிற்கவில்லை. மூன்று உறைகளோடும் மேலே எழும்பிவிட்டது.

(தொடரும்)