கரீம் கனிக்கு நடக்காத வழக்கு

1950 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூர் சுல்தான் மசூதியில் நடந்த கூட்டத்தில் கரீம் கனி பேசினார். தமிழ் முஸ்லிம், நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசில் ஆலோசகராக இருந்தவர், 'டான்', 'சினாரான்' பத்திரிகைகளின் ஆசிரியர்.

பேசுபொருள் நத்ரா. டச்சுப் பெற்றோருக்குப் பிறந்து, அமினா என்ற பெண்ணிடம் முஸ்லிமாக வளர்ந்த 13 வயதுப் பெண். பெற்றோரிடமே அவளை ஒப்படைக்கவேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. அவளை வைத்திருந்த கத்தோலிக்க மடத்தில் எடுத்த படங்களை ஆங்கிலப் பத்திரிகைகள் வெளியிட்டிருந்தன. ஊர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. மசூதிக் கூட்டத்தில் 'ஜிஹாத்' என்ற சொல்லும் எழுந்தது.

டிசம்பர் 11 மேல்முறையீடு தள்ளுபடியானது, கலவரம் வெடித்தது. 18 பேர் செத்தார்கள். 173 பேர் காயமடைந்தார்கள்.

கரீம் கனியைப் பிடித்துச் செயின்ட் ஜான்ஸ் தீவில் வைத்தார்கள். வழக்கு? இல்லை. கம்யூனிஸ்டுகளை அடக்க 1948இல் கொண்டுவந்த அவசரகால விதிகளே போதுமானதாக இருந்தன. ஓராண்டுக்கு மேல் அடைத்துவைத்து, உடல்நலம் கெட்டதும் விட்டார்கள். அவர் பாகிஸ்தான் போய்விட்டார். அவ்வளவுதான்.

அவர் நிரபராதி என்று சொல்ல வரவில்லை. நான் படித்தது பொறியியல். கொதிகலன் வெடித்தா எந்த வால்வு, எவ்வளவு அழுத்தம், முதலில் எது விட்டுக்கொடுத்தது என்று வரிசையாகக் கேட்போம். ஆப்பரேட்டரைப் பூட்டிவைத்தால் காரணம் தெரிந்துவிடாது. இங்கேயும் கேட்டிருக்கவேண்டிய கேள்விகள் உண்டு. எந்த வாக்கியம்? யாரைப் பார்த்துச் சொன்னது? ஆத்திரத்தைச் சொன்னதா, அடிக்கச் சொன்னதா? பேச்சுக்கும் கல்லுக்கும் நடுவில் மூன்று நாள் இருந்ததே, அதற்கு என்ன கணக்கு? கலவரத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு காவல்துறையைக் கடுமையாகக் குறைசொன்னது. ஆனால், ஒரு பேச்சு எந்த இடத்தில் குற்றமாகிறது என்பதை இந்த மனிதரை வைத்து எந்த நீதிபதியும் எடைபோடவில்லை.

சிங்கப்பூரில் தேச நிந்தனைச் சட்டம் 2022இல் முடிவுக்கு வந்தது. வன்முறையைத் தூண்டும் சொற்களைப் பொதுவில் பேசினால் 5 ஆண்டுவரை சிறை என்று சொல்லும் குற்றவியல் சட்டத்தின் 267சி பிரிவு இருக்கிறது. அதன்படி தண்டிக்கவேண்டுமானால் அரசு அந்தச் சொற்களை நீதிமன்றத்தில் வைத்தாகவேண்டும். பேசியவர் பதில் சொல்லலாம். தடுப்புக்காவலில் சொற்களை யாரும் பகிரங்கமாகப் பிரித்துப் பார்க்கவேண்டியதில்லை.

அந்த 18 பேருக்கும் கடன் அதுதான். எந்தச் சொல் அவர்களைக் கொன்றது, அல்லது எந்தச் சொல்லும் கொல்லவில்லையா என்று ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருக்கவேண்டும்.