ஒரே மதீனா, இரண்டு அரசியல்

இக்காலத்தில் தேசங்கள் நிலத்தை அடிப்படையாகக் கொண்டே அமைகின்றன என்று 1938இல் தில்லியில் ஆற்றிய உரையில் தேவ்பந்த் அறிஞர் மௌலானா ஹுசைன் அகமது மதனி குறிப்பிட்டார். மரணத் தறுவாயிலிருந்த கவிஞர் இக்பால் அதைக் கண்டித்துக் கவிதை எழுதினார். அந்தச் சர்ச்சையின் விளைவே 'முத்தஹிதா கௌமியத் அவ்ர் இஸ்லாம்' என்னும் மதனியின் உருது நூல்.

அந்நூல் 'கௌம்' என்ற சொல்லின் பொருளைக் குர்ஆனில் தேடுகிறது. இறைத்தூதர்கள் தம்மை ஏற்க மறுத்த மக்களையும் 'என் கௌமே' என்றே விளிக்கின்றனர். ஆகவே சமயத்தால் வேறுபட்டோரும் ஒரே தேசமாக இருக்கலாம் என்பது அவர் வாதம். மதீனாவில் யூதர்களையும் உள்ளடக்கி நபிகள் செய்த உடன்படிக்கை அதற்கு முன்மாதிரி ஆயிற்று.

மௌலானா ஷப்பீர் அகமது உஸ்மானியும் தேவ்பந்த் மரபினரே. இருவருக்கும் ஆசிரியர் மஹ்மூத் ஹசன். அவருடைய குர்ஆன் மொழிபெயர்ப்புக்கு விரிவுரையை எழுதி நிறைவுசெய்தவர் உஸ்மானி. 1945இல் கல்கத்தாவில் உருவான ஜமியத் உலமா-ஏ-இஸ்லாமின் தலைவராகி, பாகிஸ்தான் கோரிக்கைக்கு ஆதரவு திரட்டினார். அவரும் மதீனாவையே சுட்டினார். ஆனால், இஸ்லாமிய அரசு முதன்முதலில் நிறுவப்பட்ட நகரமாக.

மதத்தலைவர்கள் மறைநூலைத் திரிக்கின்றனர் என்ற வழக்கமான விளக்கம் இங்கே உதவாது. இருவரும் நூலறிந்தவர்கள். பிரிட்டிஷாரால் மால்டாவில் சிறைவைக்கப்பட்ட மதனிக்குக் குடியேற்ற ஆட்சியை அகற்றுவதே முதற்கடமை. பாகிஸ்தான் கோரியோரை இயக்கியதோ பெரும்பான்மை ஆட்சி குறித்த அச்சம். எந்த மதீனா என்பதை நூல் மட்டும் தீர்மானிக்கவில்லை, காலமும் தீர்மானித்தது.

1945-46 தேர்தலில் இதன் விலை தெரிந்தது. வாக்கு, நம்பிக்கையின் சோதனையாக மாற்றப்பட்டது. பரப்புரைப் பயணங்களில் மதனி அவமதிப்புக்கும் தாக்குதலுக்கும் உள்ளானார். சொத்து, வரி, கல்வித் தகுதிகளால் வாக்குரிமை வரையறுக்கப்பட்டிருந்ததால், பிரிவினையில் வீடிழந்தோர் பலருக்கு அந்தச் சோதனையில் பங்கேற்கும் வாய்ப்பே இருக்கவில்லை.

இன்றைய ஆய்வுகள் மதனியின் வாசிப்பை முற்போக்கு எனவும் உஸ்மானியின் வாசிப்பை மத அரசியல் எனவும் எளிதில் பிரித்துவிடுகின்றன. முடிவு உவப்பானது என்பதால் வழிமுறை கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. அரசியல் நிலைப்பாடு ஒன்று இறைவாக்காக முன்வைக்கப்படும்போது, அதை மறுப்பவர் எதிர்த்தரப்பினராக அன்றி, பாவியாகவே காணப்படுகிறார். இந்த அளவுகோல் இருவருக்கும் பொருந்த வேண்டும். எந்தச் சமயத்தின் எந்தத் தலைவருக்கும் பொருந்த வேண்டும்.